தாத்தா கூப்பிடுகிறார், வான்கோழி வருகிறது!

வான்கோழி என்றால் நமக்கு உடனே சிரிப்பு வரும். மயிலைப் பார்த்துத் தானும் ஆடப் பார்த்த அசட்டுப் பறவை என்றுதானே அதைப் பற்றிச் சொல்கிறோம்?

அமெரிக்கக் காட்டில் போய் அப்படிச் சொன்னால், வேட்டைக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அங்கே வான்கோழி யாரையும் பார்த்து ஆடுவதில்லை. அதன் ஆட்டம் அதற்கே சொந்தம். அதன் சாமர்த்தியமோ, முப்பது ஆண்டு அனுபவம் உள்ள வேட்டைக்காரனையும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடும்!

ஏப்ரல் மாதம் பிறந்தால் அந்த நாட்டில் பனி விலகி மரங்கள் துளிர்க்கும். அப்போது தாத்தாக்களும் மாமாக்களும் அப்பாக்களும் வீட்டுப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு, விடிவதற்கு முன்பே காட்டுக்குப் புறப்படுகிறார்கள். வான்கோழி வேட்டைக்கு!

"வேட்டை குற்றம் அல்லவா?" என்று கேட்கலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டிருக்கிறது. அமெரிக்காவில் முறை வேறு. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இன்ன நாள், இன்ன நேரம், இத்தனை பறவை என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு பிறந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

இதுதான் காட்டு வான்கோழி

வளர்ந்த சேவல் 16 முதல் 24 ராத்தல் வரை இருக்கும். அதாவது 7 முதல் 11 கிலோ. பெட்டை அதில் பாதிதான். சேவலின் மார்பிலிருந்து குதிரை மயிர் போல ஒரு கொத்து தொங்கும். அதற்குத் தாடி என்று பெயர். முகத்தில் இல்லாமல் மார்பில் தாடி! காலில் முள்ளும் உண்டு.

தலையில் இறகு கிடையாது. கோபமும் காதலும் வந்தால் அந்த மொட்டைத் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் மாறும். மூன்றும் அமெரிக்கக் கொடியின் நிறங்கள்!

இவ்வளவு கனமான பறவை பறக்குமா? பறக்கும். கொஞ்ச தூரம்தான், ஆனால் வெகு வேகம். இரவில் தரையில் தங்காது. உயர்ந்த மரக்கிளையில் ஏறித் தூங்கும்.

மோப்பம் அதற்குக் குறைவு. ஆனால் கண் இருக்கிறதே, அதுதான் ஆபத்து! தலையின் இரு பக்கமும் கண்கள். தலையைச் சற்றுத் திருப்பினால் சுற்றிலும் உள்ளதெல்லாம் தெரிந்துவிடும். நிறமும் தெரியும். ஒரு விரல் அசைந்தால் போதும், ஓடிவிடும்.

ஜஹாங்கீரிடம் வந்த வான்கோழி

மெக்சிகோ நாட்டு மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வான்கோழியை வீட்டில் வளர்த்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டார் அதைக் கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு போர்த்துகீசியர் வழியாக அது கோவாவுக்கும் வந்தது.

1612-ல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீருக்குப் போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு பிராணியை அவர் கண்டதே இல்லை. உடனே ஓவியர் மன்சூரை அழைத்து அதைப் படம் எழுதச் சொன்னார். அந்தப் படம் இன்றும் லண்டன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

அமெரிக்க மேதை பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-ல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகைவிட வான்கோழிதான் மதிப்புள்ள பறவை என்று எழுதினார். ஆனாலும் கழுகுதான் ஜெயித்தது. 2024 டிசம்பரில் அது சட்டப்படி தேசியப் பறவையும் ஆகிவிட்டது!

அழிந்தே போக இருந்தது

வெள்ளையர் குடியேறிய காலத்தில் அமெரிக்கக் காடுகளில் வான்கோழி ஏராளம். காட்டை வெட்டினார்கள். கழனி ஆக்கினார்கள். சந்தையில் விற்பதற்காக வருஷம் முழுவதும் கண்டபடி சுட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1851-க்குப் பிறகு காட்டு வான்கோழி ஒன்றுகூட இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் இதே கதிதான்.

பிறகு விழித்துக்கொண்டார்கள். 1937-ல் ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை வனவிலங்குகளுக்கே செலவிட வேண்டும் என்பது அந்தச் சட்டம். சுடுகிறவன் கொடுக்கும் பணத்தில் பறவை வளர்ப்பு!

முதலில் பண்ணையில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டார்கள். பலன் இல்லை. தாய் இல்லாமல் வளர்ந்த குஞ்சுக்கு நரியைத் தெரியவில்லை, பருந்தைத் தெரியவில்லை. அம்மா "பதுங்கு" என்று குரல் கொடுத்தால் பதுங்க வேண்டும் என்பதும் தெரியவில்லை. பணமும் போயிற்று, குஞ்சுகளும் போயின.

அதனால் காட்டுப் பறவையையே உயிரோடு பிடிக்க வேண்டியதாயிற்று. அது எங்கே அகப்படுகிறது?

1951-ல் தென் கரோலினாவில் வழி கிடைத்தது. பெரிய வலையை மடித்து மறைத்து வைத்தார்கள். முன்னால் மக்காச்சோளம் இறைத்தார்கள். கூட்டம் மேயும்போது சிறு பீரங்கிகளை வெடித்தார்கள். வலை பறந்து போய்க் கூட்டத்தின் மேல் விழுந்தது! அப்படிப் பிடித்த பறவைகளைப் பெட்டியில் வைத்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள்.

மாநிலங்களுக்குள் பண்டமாற்றும் நடந்தது. மிசூரி மாநிலம் வான்கோழியைக் கொடுத்து நீர்நாய் வாங்கியது! மாசசூசெட்ஸில் 1972-லும் 1973-லும் விட்டவை வெறும் 37 பறவைகள். நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தவை. இன்று பாஸ்டன் நகரத்தை ஒட்டிய தெருக்களிலேயே வான்கோழிகள் நடந்து திரிகின்றன. தபால்காரரைத் துரத்துவதும் உண்டு.

மிசூரியில் 1960-ல் மறுபடியும் வசந்தகால வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. மூன்றே நாள். அகப்பட்டவை 94 சேவல்கள்.

பெட்டையைத் தொடாதே!

வசந்தத்தில் வேட்டை என்றால் சேவல்தான். மார்பில் தாடி தெரியாத பறவையைச் சுடக்கூடாது. காரணம் எளிது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். ஏப்ரல் நடுவில் பெரும்பாலான பெட்டைகள் இணை சேர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும். அந்தச் சமயத்தில் சேவல் சில குறைந்தாலும் குஞ்சுகள் குறையாது.

ஆயினும் இப்போது தென் மாநிலங்கள் சிலவற்றில் வான்கோழி மறுபடி குறைந்து வருகிறது. அங்கே வேட்டை தொடங்கும் நாளைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

மிசூரியில் பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளைகளுக்கென்று ஒரு சனி, ஞாயிறு ஒதுக்குகிறார்கள். 6 முதல் 15 வயது வரை உள்ளவர்கள் வரலாம். 11 வயதானால் வேட்டைப் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கலாம். அது இல்லாத பிள்ளையின் பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஒரு தாத்தாவையும் அவருடைய பத்து வயதுப் பேத்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆந்தைக் குரல்

வேலை அன்று தொடங்குவதில்லை. ஒரு மாதம் முன்பே பேத்திக்குப் பயிற்சி. காகிதத்தில் வான்கோழித் தலையை வரைந்து வைத்து, எடை குறைந்த சிறு துப்பாக்கியால் சுடுவாள். அது தோளில் உதைக்கும். பழகாத பிள்ளை முதல் வெடியிலேயே பயந்துவிடும். காதுக்கு அடைப்பு உண்டு.

குரல் பழக்கமும் நடக்கும். சிறிய மரப்பெட்டி, அதன் மேல் துடுப்பு போல் ஒரு மூடி. மூடியில் சாக்குக்கட்டி தடவி உரசினால் "கியோக், கியோக்" என்று பெட்டை கூப்பிடுவது போலவே இருக்கும். வட்டமான சிலேட்டுப் பலகையில் குச்சியால் உரசும் கருவியும் உண்டு. சிலேட்டில் பலப்பம் கிறீச்சிட்டதற்காக நம் பிள்ளைகள் வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறார்கள். அங்கே அதுவே வித்தை!

சனிக்கிழமை. இருட்டு. விளக்கு இல்லாமல் நடக்கிறார்கள். தாத்தா நின்று, வாயைக் குவித்து ஆந்தை போல் அலறுகிறார்.

தூரத்து மரத்திலிருந்து உடனே பதில்: "கொளக் கொளக் கொளக்!"

ஆந்தைக் குரல் கேட்டால் சேவல் தன்னை மறந்து கத்திவிடும். இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. இருவரும் மெல்ல நெருங்கி, தோளைவிட அகலமான ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருகிறார்கள்.

அகலமான மரம் எதற்கு? பின்னாலிருந்து வேறு வேட்டைக்காரன் தவறாகச் சுட்டால் மரம் தாங்கும். இந்த வேட்டையில் பெரிய ஆபத்து காட்டு மிருகம் அல்ல, மனிதன்தான். எல்லாரும் இலை நிறத்தில் உடுத்து, முகத்தையும் மூடி, வான்கோழி போலக் குரல் கொடுக்கிறார்கள். அவசரக்காரன் குரலை நோக்கிச் சுட்டுவிட்டால்? மனிதர் காயப்பட்டதும் உண்டு, இறந்ததும் உண்டு. அதனால்தான் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கைக்குட்டைகூடக் கூடாது. சேவல் தலை என்று நினைத்துவிடுவார்கள்.

பேத்திக்குத் தாத்தா முதலில் சொல்லிக் கொடுத்த பாடமும் அதுதான்: முழுப் பறவையையும் பார்க்காமல் விசையில் விரல் வைக்காதே. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்.

"பொறு!"

தாத்தா பெட்டியை உரசுகிறார். சேவல் கத்துகிறது. ஆனால் வரவில்லை.

அதற்கும் காரணம் உண்டு. காட்டு வழக்கப்படி சேவல் கத்தினால் பெட்டைதான் அதைத் தேடிப் போகவேண்டும். இங்கே பெட்டை உட்கார்ந்துகொண்டு சேவலை வரச் சொல்கிறது! மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொள்வது போல, கிழட்டுச் சேவல் நின்ற இடத்திலேயே நின்று கத்தும்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பேத்திக்குக் கால் மரத்துப்போயிற்று. மூக்கின் மேல் கொசு. கையைத் தூக்கக்கூடாது. வீட்டில் ஐந்து நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை அசையாமல் இருக்கிறது. தாத்தாவுக்கு அதுவே ஆச்சரியம்.

திடீரென்று, சத்தமே இல்லாமல், புதருக்கு இப்பால் சேவல்! தோகை விசிறி போல விரிந்திருக்கிறது. இறக்கைகள் தரையை உரசுகின்றன. வெயில் பட்ட இடமெல்லாம் செம்பும் பச்சையுமாக மின்னுகிறது. நாற்பது கஜத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் தூரமானால் ரவை பரவிப்போய்ப் பறவை காயத்தோடு ஓடும், வீணாகச் சாகும்.

பேத்தியின் நெஞ்சு படபடக்கிறது. துப்பாக்கி கவைக்கோலின் மேல் இருக்கிறது. குறி சரியாக இருக்கிறது.

சேவலின் பின்னால் ஒரு பெட்டை வந்து நின்றது!

"பொறு" என்று தாத்தா முணுமுணுப்பதற்கு முன்பே பேத்தி விரலை எடுத்துவிட்டாள். சுட்டால் ரவை சிதறிப் பெட்டையின் மேலும் படும். சேவல் இரண்டு சுற்று ஆடியது. பெட்டை நடந்தது. சேவலும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

பேத்திக்கு அழுகை வந்தது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பாதியை அவளிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காலை ஒன்பது மணி. பெட்டைகளெல்லாம் முட்டையிடப் போய்விட்ட நேரம். தனித்த சேவல் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். வந்தது. பின்னால் வெறும் மேடுதான்.

ஒரே வெடி.

இறக்கைகள் சிறிது நேரம் அடித்துக்கொண்டன. பிறகு அடங்கின. பேத்தி கிட்டப் போய் மண்டியிட்டு மார்பு இறகைத் தடவிப் பார்த்தாள். இறகு இன்னும் சூடாக இருந்தது. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இரவு பத்து மணிக்குள் அரசாங்கத்துக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லவேண்டும். எந்த மாவட்டம், வளர்ந்த சேவலா, இளஞ்சேவலா என்று கேட்பார்கள். இந்தக் கணக்கையும் வைத்துத்தான் வருங்கால வேட்டையை முடிவு செய்வார்கள். பேத்தியே பதில் சொன்னாள்.

அதற்குள் அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. மார்புக் கறியைத் துண்டு போட்டு, மாவில் புரட்டிப் பொரித்தார்கள். கால் கறி கடினம். காட்டிலும் மேட்டிலும் ஓடிய கால் அல்லவா? அது மெல்லிய தீயில் மணிக்கணக்காகச் சூப்பில் வேகவேண்டும்.

தோகையை விரித்துப் பலகையில் ஆணி அடித்துக் காயவைத்தார்கள். இறக்கை எலும்புகளைத் தாத்தா தனியாக எடுத்துக் கொதிநீரில் போட்டார். மரப்பெட்டி வருவதற்கு வெகு காலம் முன்பே, செவ்விந்தியர்கள் இந்த எலும்புக் குழாயை உறிஞ்சித்தான் வான்கோழியைக் கூப்பிட்டார்கள். குழலை ஊதுவது போல் ஊதினால் குரல் வராது. உதட்டைக் குவித்து உள்ளே இழுக்கவேண்டும். பழகச் சில மாதம் பிடிக்கும். வீட்டில் உள்ள மற்றவர்கள் அதுவரை காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்!