தரையில் அமர்ந்த ஆசிரியர்

ஆசிரியர் மாணவர் நல்லுறவு ஆசிரியரின் தனிப்பட்ட நற்குணத்தால் மட்டுமே விளைவதாகப் பொதுவாகக் கருதப்பட்டாலும், வகுப்பறை எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அவ்வுறவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் அண்மை வரலாறு உணர்த்துகிறது. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி திருத்தப்பட்டு, மாணவரை அடிப்பதும் உடலை வருத்தித் தண்டிப்பதும் தடை செய்யப்பட்டன. பிரம்பை வாங்கிக்கொண்ட அந்த ஆணை, அதுவரை அச்சத்தால் அடங்கியிருந்த வகுப்பை இனி எதனால் நடத்துவது என்னும் கேள்வியை ஆசிரியரிடமே விட்டுவைத்தது. அதே ஆண்டில், மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமாரின் முயற்சியால் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையில் அதற்கு ஒரு விடை இருந்தது.

ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே, ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி அமைந்த இதில், பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் வரிசை ‘ஏணிப்படி’ எனப்படும் படமாகச் சுவரில் மாட்டப்பட்டது. குழந்தை தான் நிற்கும் படியைத் தானே கண்டு, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவந்து, ஆசிரியரின் முழு உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என வகுக்கப்பட்டவற்றுள் தனக்குரியதில் சென்று அமர்ந்தது. சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைக் கட்டம் இருந்தது. ஆசிரியரோ நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். இந்த இடமாற்றம் சிறியதன்று. எழுத்தைத் தவறாக எழுதிய குழந்தையை எழுப்பி நிறுத்தி நாற்பது பேர் முன்னிலையில் திருத்துவதற்கும், தோளருகே அமர்ந்து அதன் கட்டத்திலேயே கைபிடித்துத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடுதான் உறவின் வேறுபாடு. பின்னதில், தெரியாததைக் கேட்பதற்குக் குழந்தை கூசவேண்டியதில்லை.

2007-08-ஆம் கல்வியாண்டில் இம்முறை மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பாடநூலைப் புரட்டாத படிப்பு என்ன படிப்பு என்று பெற்றோரில் ஒரு பகுதியினரும், அட்டைகளும் பதிவேடுகளும் சுமையாகின்றன என்று ஆசிரியர்களும் குறைகூறியதில் நியாயமில்லாமல் இல்லை. எனினும், விட்டுப்போன குழந்தை விட்ட படியிலிருந்தே தொடரலாம் என்ற ஏற்பாட்டின் அருமையை, வடசென்னையின் தாழ்நிலப் பகுதிகள்தாம் நன்கறியும்.

புழல் ஏரியின் உபரிநீர் திறக்கப்படும்போதெல்லாம் வெளியிடப்படும் எச்சரிக்கையில், நாரவாரிக்குப்பம், வடகரை எனத் தொடங்கும் ஊர்ப்பட்டியல் மணலி, சடையங்குப்பம் என்று முடிவது வழக்கம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட சடையங்குப்பத்திலும் அதைச் சேர்ந்த பர்மா நகரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம், புத்தகப் பைகளையும் விட்டுவைக்கவில்லை. இத்தகைய ஊரில், மழைக்குப் பின் வகுப்புக்குத் திரும்பும் குழந்தை நோட்டின்றி, சீருடையின்றி, பலநாள் பாடம் விட்டுப்போன நிலையில் வந்து நிற்பது இயல்பு. ‘ஏன் வரவில்லை?’ என்ற கேள்வி அங்கே விசாரணையாக ஒலித்தால், அக்குழந்தை மறுநாள் வராமலே போகக்கூடும். வீட்டில் தண்ணீர் வடிந்ததா என்று முதலில் கேட்டு, பிறகு விட்ட பாடத்திற்கு வரும் ஆசிரியரே அதைப் பள்ளியில் தக்கவைக்கிறார்.

2022 ஜூன் 13 அன்று, இதே புழல் வட்டாரத்தைச் சேர்ந்த அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் அவ்விருவரே பார்க்கவேண்டிய நிலையில், ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் வேலை, பிள்ளையோடு பேசவேண்டிய நேரத்தையே தின்றுவிடுகிறது. வெள்ளம் புகும் ஊர்களின் பள்ளிகளுக்கு, அவை மீண்டும் திறக்கும் முதல் இரண்டு வாரங்களிலாவது எல்லாப் பதிவேற்றப் பணிகளிலிருந்தும் விலக்களித்து, அந்நேரம் முழுவதையும் ஆசிரியர் பிள்ளைகளோடு செலவிட விடுவது கல்வித்துறைக்குச் செலவில்லாத காரியம். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதற்கான சுற்றறிக்கை வெளிவர வேண்டும்.