பாடம் ஃப்ரீ... பட்டத்துக்கு யார் பணம் கட்டுவது?

வந்தவாசி என்றால் கோரைப்பாய், ஆரணி என்றால் பட்டு. தறியில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்திருக்க முடிகிற வீடுகள் இந்தப் பக்கம் அதிகம். அந்த வீடுகளிலும் இன்று ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. கணக்கு நன்றாக வருகிற ஒரு பிள்ளை, தனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்லி, போனிலேயே படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவிட முடிகிறது. பார்ப்பவர்கள் பத்துப் பேர் நூறாகிறார்கள். 'தேங்க்ஸ் அக்கா, இப்பதான் புரிஞ்சுது' என்று கமென்ட் வருகிறது. சந்தோஷம்தான். ஆனால், அதே பிள்ளைக்குக் கல்லூரி சேரும் நேரம் வந்தால்? நன்றியை வைத்து ஃபீஸ் கட்ட முடியாதே!

இலவசமாகப் பாடம் நடத்தி உலகப் புகழ் பெற்றவர் என்றதும் நினைவுக்கு வருபவர் சல்மான் கான். நடிகர் இல்லை, 'கான் அகாடமி' சல்மான் கான். 2004-ல் பாஸ்டனில் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை. நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரப் பெண் நாடியாவுக்குக் கணக்கு வரவில்லை என்று போனில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மற்ற சொந்தக்காரப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, 2006-ல் பாடங்களை யூடியூபில் போட்டார். 2008-ல் அதை லாபநோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்தார். 2009-ல் வேலையையே விட்டார்.

அதன் பிறகுதான் சோதனை. வீட்டில் கைக்குழந்தை. வருமானம் இல்லை. வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் மாதாமாதம் கரைந்தது. ஒருநாள் ஆன் டோயர் என்ற பெண்மணி 10,000 டாலர் நன்கொடை அனுப்பினார். நேரில் பார்த்துப் பேசியபோதுதான், இவர் சேமிப்பை எடுத்துச் சாப்பிடுவது அவருக்குத் தெரிந்தது. உடனே இன்னும் 1 லட்சம் டாலர் தந்தார். 2010-ல் கூகுள் 20 லட்சம் டாலர் கொடுத்தது. கேட்ஸ் அறக்கட்டளையும் கைகொடுத்தது.

கேட்கவே சிலிர்ப்பாக இருக்கும் இந்தக் கதையில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கான் வேலையை விட்டபோது அவர் கையில் எம்.ஐ.டி., ஹார்வர்ட் பட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. கான் அகாடமி அவருடைய கல்லூரி ஃபீஸைக் கட்டவில்லை. அந்தப் படிப்புதான் கான் அகாடமியைக் காப்பாற்றியது.

நம் நாட்டு 'பிசிக்ஸ் வாலா' அலக் பாண்டே கதை வேறு மாதிரி. பிரயாக்ராஜ்காரர். பள்ளி நாட்களிலேயே டியூஷன் எடுத்தவர். கான்பூரில் இன்ஜினீயரிங் சேர்ந்து, பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். யூடியூபில் இலவசமாக இயற்பியல் நடத்தினார். 2020-ல் ஆப் தொடங்கிக் குறைந்த கட்டணம் வாங்க ஆரம்பித்தார். 2022-ல் அது 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டிய கம்பெனி ஆனது. 'அவரே படிப்பை விட்டவர்தானே' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. லட்சத்தில் ஒருவருக்கு விழும் லாட்டரியை நம்பி யாராவது காலேஜை விடுவார்களா?

யூடியூப் வருமானத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோர் கணக்கு வழியாகத்தான் பணம் வாங்க முடியும். அதுவும் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். தமிழில் பிளஸ் டூ கணக்குப் பாடம் நடத்தி செமஸ்டர் ஃபீஸ் கட்டுவது நடக்காத காரியம் இல்லை. ஆனால், அதை நம்பி அட்மிஷன் போடக் கூடாது. வருகிற காசு இன்டர்நெட் ரீசார்ஜுக்கும், வெப்சைட் இருந்தால் அதன் முகவரிக்கு வருடம் ஒருமுறை கட்டும் பணத்துக்கும் போதும் என்று நினைத்துக்கொள்வதே நிம்மதி.

அப்படியானால் ஃபீஸுக்கு வழி? தமிழ்நாட்டில் வழி இருக்கிறது, அதை முதலில் தேட வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் போன்ற தொழிற்கல்வியில் இடம் பிடித்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கவுன்சலிங் மூலம் சேரும் தொழிற்கல்விப் படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வீட்டில் ஒருவருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. மாணவிகளுக்குப் 'புதுமைப்பெண்', மாணவர்களுக்குத் 'தமிழ்ப்புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. கைத்தறி நெசவாளர் பிள்ளைகள் அங்கீகாரம் பெற்ற ஜவுளித் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களில் படிக்க, மத்திய அரசின் திட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை இருக்கிறது. ஆரணிப் பக்கத்து வீடுகள் அவசியம் விசாரிக்க வேண்டியது இது. இதற்கெல்லாம் பிறகுதான் கல்விக் கடன். 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை.

சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். ஊரில் ஒரு காலேஜில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவிகிதம் வரை கட்டணச் சலுகை. இதில் வேடிக்கை, அந்தப் பாட வீடியோக்கள் யூடியூபில் எல்லோருக்கும் இலவசம். என்.பி.டி.இ.எல். பாடங்களும் அப்படித்தான், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம்.

ஐ.ஐ.டி.யே பாடத்தைச் சும்மா கொடுத்துவிட்டுத் தேர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டணம் வாங்கும்போது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீடியோ போடும் பிள்ளை மட்டும் தன் பாடத்தை விற்றுத்தான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். வாரத்துக்கு ஒரு வீடியோ, அதுவும் தேர்வு மாதத்தில் லீவு என்று வைத்துக்கொண்டால் படிப்பும் கெடாது.

முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த பிறகு அங்கே நிற்க இடம் இருக்காது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு போய்விடுவது நல்லது.