புதிய பாகம் போட்டதும் கேம் பாதியில் நிற்கிறதா?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில், இன்னும் கொஞ்சம் வேகம் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. பணம் சேர்த்து ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்துகிறோம்; அல்லது கூடுதலாக ராம் மெமரி போடுகிறோம். விண்டோஸ் ஒழுங்காகத் தொடங்குகிறது. இன்டர்நெட் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். ஆனால் கேம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் திரை கறுத்துவிடுகிறது. அல்லது கேம் தானாக மூடிக் கொள்கிறது.

உடனே கார்டு பழுது என முடிவு கட்டிக் கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸை அழித்து மீண்டும் பதியவும் வேண்டாம். கடிதம் டைப் செய்கையில் கம்ப்யூட்டருக்கு அதிக வேலை இல்லை. கேம் விளையாடும்போதுதான் பிராசசர், கார்டு, மெமரி, பவர் சப்ளை எல்லாம் ஒரே நேரத்தில் கடுமையாக உழைக்கின்றன. எனவே எதில் சிறு குறை இருந்தாலும் அது கேமில்தான் முதலில் தெரியும்.

எப்படி நிற்கிறது?: இதை முதலில் கவனியுங்கள். கம்ப்யூட்டரே சட்டென்று அணைந்தால் அல்லது ரீஸ்டார்ட் ஆனால், மின்சாரத்தையும் சூட்டையும் பாருங்கள். திரை கறுத்துச் சில நொடிகளில் திரும்பி வந்தால், டிரைவரையும் கார்டையும் பாருங்கள். கார்டு இரண்டு நொடிகள் பதில் தராமல் இருந்தால், விண்டோஸ் அதன் டிரைவரை நிறுத்தி மீண்டும் தொடங்கும். கேம் மட்டும் மூடி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைச் செய்தி வந்தால், ராம் மெமரி மீது சந்தேகம் கொள்ளலாம்.

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்பதைத் தேடித் திறந்தால், எந்த நாளில் எது நின்று போனது எனப் பட்டியல் கிடைக்கும். பாகம் மாற்றிய நாளுக்குப் பிறகுதான் சிவப்புக் குறிகள் தொடங்குகின்றனவா எனப் பாருங்கள்.

இனி ஒவ்வொன்றாகச் சோதிப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், எது சரி செய்தது என்றே தெரியாது. கேபினட்டைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடவும்.

1. பவர் சப்ளை: கிராபிக்ஸ் கார்டுக்கு மதர்போர்டு ஸ்லாட் மூலம் கிடைப்பது 75 வாட் வரைதான். மீதி மின்சாரம், பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் கேபிள் மூலம் கிடைக்க வேண்டும். 8 பின் கொண்ட ஒரு கனெக்டர் 150 வாட் வரை தரும். கார்டில் இரண்டு கனெக்டர்கள் இருந்தால், ஒரே கேபிளின் இரு முனைகளைச் செருகாமல் தனித்தனி கேபிள்களைச் செருகுவது நல்லது. பிராசசருக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு இதேபோல் இருக்கும்; அதைக் கார்டில் அழுத்திச் செருகிவிடாதீர்கள். கார்டு தயாரிப்பாளர் சொல்லும் வாட் அளவையும், உங்கள் பவர் சப்ளையின் லேபிளில் உள்ள அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. டிரைவர்: பழைய கார்டின் டிரைவர் உள்ளேயே தங்கியிருந்தால் புதியதுடன் மோதலாம். டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச புரோகிராமை சேப் மோடில் இயக்கிப் பழையதை நீக்குங்கள். பின் கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் பதியுங்கள்.

3. ராம் மெமரி: வேகமான ராம்களில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பு இருக்கும். இது மெமரியை வழக்கமான வேகத்திற்கு மேல் ஓட்டுவதாகும். பயாஸில் இதை நிறுத்திவிட்டு விளையாடிப் பாருங்கள். கேம் நின்று போகாவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரே கம்பெனி ராம் ஆனாலும், தனித்தனியே வாங்கிய இரண்டு ஒத்துப் போகும் என்ற உறுதி இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை புரோகிராம் உள்ளது.

4. சூடு: புதிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டீர்களா? எல்லா மின்விசிறிகளும் சுற்றுகின்றனவா? கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து விளையாடும்போது கேம் நிற்காவிட்டால், காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

பிழைச் செய்தியை அப்படியே நம்பலாமா? நம்பக் கூடாது என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்லலாம். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றை வாங்கியவர்களுக்கு, கேம் தொடங்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்ற செய்தி வந்தது. கார்டில் மெமரி தாராளமாக இருந்தது. பலர் கார்டைக் குறை கூறினர். கேம் தன் சுருக்கப்பட்ட பைல்களை விரிக்கும்போது பிராசசர் தவறான விடை தந்ததே காரணம். பிராசசருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் சென்றதால் நாளடைவில் இந்தப் பாதிப்பு ஏற்பட்டது என இன்டெல் 2024ல் அறிவித்தது. பயாஸ் மூலம் பதியும் திருத்தத்தை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இத்திருத்தம் இனி வரும் கெடுதலைத் தடுக்கும். கெட்டுப் போனதைச் சரியாக்காது. இந்த வகை பிராசசர் உங்களிடம் இருந்தால் பயாஸைப் புதுப்பியுங்கள். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே செயலிழக்கலாம் என்பதால், யு.பி.எஸ். இணைப்பில் வைத்து இதைச் செய்திடுங்கள். அதன் பிறகும் கேம் நின்றால் வாரண்டியில் மாற்றித் தரக் கேளுங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால், புதிய பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டு அதே கேமை விளையாடுங்கள். கேம் நிற்காமல் ஓடினால், புதிய பாகம் அல்லது அது கேட்கும் மின்சாரம் என்று தேடும் இடம் சுருங்கிவிடும். முடிந்தால் அந்தப் பாகத்தை நண்பரின் கம்ப்யூட்டரிலும் சோதித்துப் பாருங்கள். இவற்றை எல்லாம் வாங்கிய முதல் வாரத்திலேயே செய்திடுங்கள். பில்லையும் அட்டைப் பெட்டியையும் தூக்கி எறிய வேண்டாம். செய்த சோதனைகளை ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால், கடைக்காரரிடம் பேசுவதும் எளிதாகும்.