பழைய மடிக்கணினிக்குப் புதிய பிராசசர்

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பழைய மடிக்கணினியே நமக்குக் கிட்டுவது. பிராசசரை மாற்றினால் அதன் வேகம் கூடும் என்கிறார்கள். பொய்யன்று, ஆனால் எல்லா மடிக்கணினியிலும் அது நடவாது.

2011-இல் வெளிவந்த திங்க்பேட் டி420-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் பிராசசர் 988 துளைகள் கொண்ட சாக்கெட்டில் அமர்ந்திருக்கிறது. பூட்டுத் திருகைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். இரண்டு கோர் கொண்ட ஐ5-2520எம் இருந்த இடத்தில், நான்கு கோர் கொண்ட ஐ7-2720கியூஎம்-ஐ வைக்கலாம். முன்னது 35 வாட், பின்னது 45 வாட். கூடுதல் வெப்பத்தையும் அதே சின்ன விசிறிதான் வெளியேற்ற வேண்டும்! ஆகவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவாமல் மூடலாகாது. அடுத்த தலைமுறைப் பிராசசரும் இதே சாக்கெட்டில் உட்காரும். ஆயினும் அக்கணினியின் பயாஸ் அதை ஏற்காது.

இன்டெலின் ஐந்தாம் தலைமுறை முதல் மடிக்கணினிப் பிராசசர்கள் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வருகின்றன. பெயரின் கடைசியில் 'யு' என்ற எழுத்து இருந்தால் அதற்கு முன்பும் அப்படியே. அவற்றை மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், பணம் கொடுக்குமுன் இருமுறை கேளுங்கள்.

என்னைக் கேட்டால், வீட்டிலிருந்து வரும் சொற்பப் பணத்தில் முதலில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவேன். பிராசசரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.