மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் 'நாமும்' 'நாங்களும்'

'லாட்ஜ்' என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது பேருந்து நிலையத்தருகே உள்ள தங்கும் விடுதிதான். இவ்வுரையில் நாம் கருதுவது அதுவன்று. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் உடன்பிறப்பென விளித்துக்கொள்ளும் சோதர சங்கங்களின் கூடத்தையும் அச்சொல் குறிக்கும். அவற்றுள் பெயர்பெற்றது ஃபிரீமேசன் இயக்கம். மாசாயிலிருந்து நீரிணையைக் கடந்தால் சிங்கப்பூர்; அங்கே 1845இல் 'ஜெட்லாண்ட் இன் தி ஈஸ்ட்' என்னும் சபை தோன்றியது. அதற்கும் முன்னரே, 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில், ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் அவ்வியக்கத்தில் சேர்ந்தார். ஆகவே இச்செய்தி தமிழ்நிலத்துக்கு முற்றிலும் புதிதன்று.

ஆங்கிலேய மரபில் அமைந்த அக்கூடத்தில் தலைவர்க்கும் அவர்க்கு அடுத்த இரு காவலர்க்கும் அருகில் ஒவ்வொரு மெழுகுவர்த்தி எரியும். அம்மூன்றையும் கதிரவன், திங்கள், சபைத் தலைவர் ஆகியோரோடு பொருத்தி விளக்குவர். புதிதாய்ச் சேர்பவர் கண்கட்டோடு உள்ளே வருவார். உறுதிமொழி எடுத்த பின்னரே கட்டு அவிழும். இருளிலிருந்து வந்த கண் முதலில் காண்பது சிறு சுடர்களையும், அவற்றைச் சூழ்ந்த முகங்களையும். இன்று பல கூடங்களில் மெழுகுவர்த்தி வடிவ மின்விளக்குகளே எரிகின்றன. அவை அசைவதில்லை, உருகுவதில்லை, கூட்டம் முடியும் வேளையில் குட்டையாகியிருப்பதுமில்லை. காலம் கழிவதைக் கண்ணுக்குக் காட்டும் பணி அங்கே நின்றுபோயிற்று.

சிறு சுடர் கூட்டத்தின் மனநிலையை எவ்வாறு மாற்றுகிறது? ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு லக்ஸ் வெளிச்சமே தருகிறது. இரண்டு மீட்டரில் அது கால் பங்காகும். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. அலுவலக மேசைக்கோ 300 முதல் 500 லக்ஸ் வேண்டுமென்பர். எனவே சுடரைச் சுற்றியிருப்போர் நெருங்கி அமர்கின்றனர். நெருங்கியவர் உரக்கப் பேச வேண்டியதில்லை. குரல் தானே தாழ்கிறது. சுடரின் நிறவெப்பம் ஏறக்குறைய 1,900 கெல்வின்; நம் மண்டபங்களின் வெண்குழல் விளக்கு பெரும்பாலும் 6,500 கெல்வின். முன்னதில் முகங்கள் பொன்னிறம் கொள்கின்றன; சுவர்களும் கூரையும் பார்வையிலிருந்து விலகுகின்றன. ஆயின் அது எல்லாரையும் சமமாக்கிவிடும் என்று நாம் கருதவில்லை. பதவியைக் காட்டும் கழுத்துப்பட்டையின் உலோகம் அவ்வொளியில் இன்னும் நன்றாகவே மின்னும்!

மொழியியலார்க்கு இவ்விடத்தில் ஒரு சொல் உதவுகிறது. கேட்போரையும் உள்ளடக்குவது 'நாம்'. அவரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். சுடரொளியும் இத்தகைய வட்டமொன்றை வரைகிறது. அதனுள் இருப்பவர்க்கு அது 'நாம்'. வாயிலில் நிற்பவரை நோக்கும்போது அதே வட்டம் 'நாங்கள்' ஆகிவிடும். கதவடைத்த கூடங்களில் இந்த இரண்டாம் பொருளே வலுப்பெறும். அங்கே பேச்சும் அதற்கேற்ப அமையும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை இலக்கணத்தார் குழூஉக்குறி என்றனர். மறைபொருட் சொல்லும் மங்கிய ஒளியும் செய்யும் வேலை ஒன்றே.

இதற்கு மறுதலையான ஒரு நிகழ்வு நம்மிடமே உண்டு. இராமலிங்க வள்ளலார் 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1872 சனவரி 25 அன்று வடலூர்ச் சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கிற்று. அங்கே ஏழு திரைகள் விலகிய பின்னரே சோதி தென்படும். மறைத்துக் காட்டும் முறை மேற்சொன்ன கண்கட்டுக்கு அயலானதன்று. ஆனால் 1873 அக்டோபரில், மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில், தம் அறைக்குள் எரிந்த விளக்கை அவர் வெளியே கொணர்ந்து வைத்து, அதனை வழிபடுமாறு கூறினார். சுடர் மாறவில்லை, அது நின்ற இடம் மாறிற்று. அந்த மாற்றத்தையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

மாசாயில் நாம் கண்டதையும் சொல்ல வேண்டும். தோட்டங்களிலிருந்து பெயர்ந்து தாமான்களில் குடியேறிய குடும்பத்தார் ஆண்டுக்கொருமுறை கூடும் கூட்டம் அது. இறுதியில் குழல்விளக்குகளை அணைத்து, நடுவே குத்துவிளக்கேற்றி, மறைந்தோரை நினைப்பர். ஓர் ஆண்டு, பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஒப்பந்தப் பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர் சிலர் வாயிலில் நின்றனர். "தம்பி, உள்ள வாங்க" என்றார் ஒரு பெரியவர். "பரவாயில்லங்க ஐயா, நாங்க இங்கேயே நிக்கிறோம்" என்றனர். அந்த 'நாங்க' நம் காதில் நெடுநேரம் நின்றது. சுடரிலிருந்து வாயில் ஐந்தாறு மீட்டர் இருக்கும். அவர்தம் முகங்கள் நமக்குத் தெரியவில்லை.

மறு ஆண்டு விளக்கை வாயிற்படியருகே வைத்தனர். காற்று பலமாக வீசியது. சுடர் மூன்று முறை போயிற்று. 'அணைந்தது' என்று எவரும் சொல்லவில்லை. 'மலையேறிடுச்சு' என்றே சொன்னார்கள். இது மங்கல வழக்கு. மூன்றாம் முறை அச்சொல்லைச் சொன்னவர் அவ்விளைஞருள் ஒருவர். தீப்பெட்டியும் அவர் கையில்தான் இருந்தது.