தொட்டாற்சுருங்கி: சுருங்குவது எப்படி, மருந்தாவது எவ்வளவு?

எட்டியாந்தோட்டை, தெரணியகல, எஹலியகொட, இறக்குவானை என்று சபரகமுவத் தோட்டங்களில் எந்தப் பக்கம் போனாலும் பாதையோரத்தில் தொட்டாற்சுருங்கி படர்ந்து கிடக்கும். சிங்கள அயலவர்கள் அதை நிதிகும்பா என்பார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இளம் இறப்பர் மலையில் புல்லு வெட்டுகிறவர்களுக்குக் கையில் ஏறும் முள். இவ்வளவு பழகிவிட்டதால் இந்த மண்ணுக்கே உரிய செடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ‘மிமோசா பூடிகா’ என்ற அறிவியற் பெயரை 1753இல் லின்னேயஸ் வைத்தார்.

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கம் வந்து ஊன்ற அதற்குச் சிரமம் இருந்திருக்காது. ஈரமும், வெயில் விழும் வெட்டவெளியும், அடிக்கடி கிளறப்படும் மண்ணும் தோட்டத்தில் தாராளம். காயின் ஓரமெல்லாம் சுணை. முற்றியதும் காய் துண்டு துண்டாக உடைந்து, மாட்டின் உடம்பிலும் சாரத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் போகும். விதையின் தோல் கடினமானது. ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்துவிட்டு முளைக்கும். அதனால்தான் சொரண்டி போட்டுச் சுத்தமாக்கிய இடத்தில் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. 2015இல் அரசாங்கம் கிளைபோசேற் களைக்கொல்லியைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அதைத் தளர்த்தியது. களைக்கொல்லி இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் இந்தச் செடி மட்டும் குறையவில்லை என்பதுதான் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பேச்சு.

சரி, தொட்டதும் ஏன் மடங்குகிறது? செடிக்குத் தசையும் கிடையாது, நரம்பும் கிடையாது. வேலை முழுவதையும் செய்வது தண்ணீர். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள், சின்னதாக ஒரு வீக்கம் தெரியும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் கண்ணுக்கு எட்டாத அளவில் அதே போன்ற வீக்கம் உண்டு. அதிலுள்ள உயிரணுக்கள் தண்ணீர் நிறைந்து விறைப்பாக நிற்பதால்தான் இலை விரிந்திருக்கிறது. விரல் பட்டவுடன் மின் அதிர்வு ஒன்று கிளம்பி இலை வழியே ஓடுகிறது. அது வந்து சேர்ந்ததும் வீக்கத்தின் ஒரு பக்கத்து உயிரணுக்கள் பொட்டாசியத்தையும் குளோரைட்டையும் வெளியே விடுகின்றன. உப்புப் போகும் பக்கம் தண்ணீரும் போகும். காம்பின் அடிப்பக்கம் தளர்ந்தால் காம்பு தொங்கும்; சிற்றிலையின் மேல்பக்கம் தளர்ந்தால் சிற்றிலை மேல்நோக்கி மடியும். பத்து, இருபது நிமிடங்களில் தண்ணீர் திரும்ப ஏற, இலை பழையபடி விரியும்.

இந்த மின் அதிர்வை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தாமே வடிவமைத்த கருவிகளால் பதிவு செய்தவர் கொல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். செடிக்கும் உணர்வு உண்டென்று அவர் சொன்னதை அன்று பலர் ஏற்கவில்லை. உணர்வு என்ற சொல்லை ஒதுக்கிவைத்தாலும், அவர் கண்ட மின்னோட்டம் பின்னால் உறுதியாகிவிட்டது. இரவில் இலை மூடுவது வேறு கதை. 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெரான் தொட்டாற்சுருங்கியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அது பகலில் விரிந்து இரவில் மூடியது. உயிர்களுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது.

தொட்டதும் மூடுவதால் செடிக்கு என்ன லாபம்? மூடிய இலைக்கு வெயில் குறைவு, உணவும் குறைவு. அந்த நட்டத்துக்கு ஈடு இருக்க வேண்டுமே. ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இலை அசையாத தொட்டாற்சுருங்கியை உருவாக்கி, வெட்டுக்கிளிகளை விட்டுப் பார்த்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில், அசையாத செடியைத்தான் வெட்டுக்கிளிகள் கூடுதலாகத் தின்றிருந்தன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இன்னொரு தடை: பச்சை இலை மறைந்ததும் தண்டின் வளைந்த முட்கள்தான் முன்னால் நிற்கும். முள்ளையும் மீறித் தின்றால் உள்ளே மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. இபில் இபில் மரத்திலும் இருப்பது இதுதான். அளவு மிஞ்சினால் குதிரை போன்ற பிராணிகளுக்கு மயிர் கொட்டும்.

இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் மருந்துப் பேச்சுக்கு வர வேண்டும். சித்த மருத்துவத்தில் இதற்கு நமஸ்காரி என்றும் பெயர். மூலம், வயிற்றுப்போக்கு, வீக்கம், புண் ஆகியவற்றுக்கு இலையும் வேரும் சொல்லப்பட்டிருக்கின்றன. இலையைக் கசக்கிச் சின்ன வெட்டுக்காயத்தில் வைக்கும் பழக்கத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. இலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இழையங்களைச் சுருக்கி இரத்தக் கசிவைக் குறைக்கும். ஆனால் பாதையோரத்து இலையைக் கழுவாமல் வைப்பது காயத்துக்குள் மண்ணைத் தேய்ப்பதற்குச் சமம். வேர்க் கஷாயத்தை வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. எலிகளில் வேரைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இனப்பெருக்கச் சுழற்சி குழம்பியது. கர்ப்பிணிகளும் பிள்ளைக்குக் காத்திருப்பவர்களும் தொடவே வேண்டாம். சிங்கள வைத்தியர் ‘கஸ் நிதிகும்பா’ என்று எழுதித் தந்தால் அது வேறு செடி: உச்சியில் இலை விரித்து, குட்டித் தென்னை போல் நின்று, மஞ்சள் பூப் பூப்பது.

கடைசியாகப் பாம்புக்கடி. தொட்டாற்சுருங்கி வேரின் சாறு நாகப்பாம்பு விஷத்தின் சில நொதிகளைத் தடுத்ததாக இந்திய ஆய்வுகள் உண்டு. ஆனால் அது ஆய்வுகூடச் சோதனை, கடிபட்ட மனிதருக்குச் செய்த வைத்தியம் அல்ல. சபரகமுவ இறப்பர் தோட்டங்களில் காலடியில் கிடப்பது பெரும்பாலும் கோப்பி விரியன். அதன் விஷம் சிலருக்கு இரத்தத்தை உறையவிடாமல் செய்யும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இலங்கையில் பயன்படும் இந்திய விஷமுறி மருந்துகூட இதற்கு வேலை செய்யாது. ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பதுதான் உயிரைக் காக்கும். ஆகவே கடிபட்டால் பச்சிலை தேடாதீர்கள், கயிறு போட்டுக் கட்டாதீர்கள். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள்.