மாதம் ஒருமுறை உறுமட்டும்

ஒக்டோபரில் மழை தொடங்கினால் ஜனவரி வரை நக்கிள்ஸ் மலையை மேகம் விட்டுப் பிரியாது. காற்றும் சேர்ந்துகொண்டால் ரத்தோட்டை, எல்கடுவப் பக்கம் ஏதாவதொரு மரம் கம்பியில் சாயும், கரண்ட் போகும். மகாவலித் தண்ணீரைப் பொல்கொல்லயிலிருந்து சுரங்கவழி கொண்டுவந்து உக்குவளையில் 1976 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். போவதென்ன, மொரகஹகந்த மின்நிலையங்களும் இதே மாத்தளை மாவட்டத்தில்தான். இருந்தென்ன, கம்பி அறுந்தால் உக்குவளைக்காரருக்கும் மெழுகுதிரிதான்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணிநேரம்வரை போனபோது கடைக்காரர்களும் வசதியுள்ள வீட்டாரும் சிறிய பெற்றோல் ஜெனரேட்டர்களைத் தேடி ஓடினார்கள். (லயன் அறைகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.) பெற்றோலுக்கே வரிசை நின்ற காலம் அது. வெட்டு ஓய்ந்ததும் மெஷின் மூலைக்குப் போனது, உள்ளே மிச்சமிருந்த பெற்றோலோடு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது, கயிற்றை இழுத்து இழுத்துக் கைவலிதான் மிச்சம் என்றிருந்த வீடுகள் எத்தனையோ.

ஜெனரேட்டர் ஓடிக் கெடுவதைவிட ஓடாமல் கெடுவதுதான் அதிகம். சில மாதங்கள் கிடந்த பெற்றோல் பிசினாகிவிடும். கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் வார்னிஷ் போல ஒரு நெடி அடிக்கும், பித்தளை ஜெட்டில் பழுப்புப் படிவு தெரியும். ஜெட்டின் துவாரம் ஒரு மில்லிமீற்றர்கூட இராது. அது அடைபட்டால் இயந்திரம் எழும்பாது. ஆகவே வேலை முடிந்ததும் பெற்றோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். மாதம் ஒருமுறை ஃபேனோ பல்போ மாட்டி, கால் மணிநேரம் ஓட்டினால் போதும்.

ஒயிலை முதல் 20 மணிநேர ஓட்டத்திலும், பிறகு 100 மணிநேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறையும் மாற்றச் சொல்வது வழக்கம். உங்கள் மெஷினின் புத்தகம் சொல்வதே முடிவு. பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் குட்டி மெஷினுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. இன்னொன்று, நம் முற்றங்கள் சரிவானவை. சாய்ந்த தரையில் வைத்தால், ஒயில் நிறைய இருந்தும் ‘குறைவு’ என்று சென்சர் இயந்திரத்தை நிறுத்திவிடும். பழுதென்று பாஸைக் கூப்பிடுமுன் மட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

மழைக்குப் பயந்து சமையலறைக்குள்ளோ மூடிய விறாந்தையிலோ ஓட்டுவது உயிராபத்து. புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூங்குபவர் எழும்பவே மாட்டார். ஜன்னலிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, மேலே தகரம் போட்டு, நான்கு பக்கமும் திறந்து வையுங்கள்.

இரு முனையிலும் பிளக் மாட்டிய வயரால் சுவர்ச் சொக்கற்றுக்குக் கரண்ட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த 230 வோல்ட் தெருக் கம்பிக்கு ஏறினால், டிரான்ஸ்போமர் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கி, மழையில் கம்பி கட்டிக்கொண்டிருக்கும் ஊழியரிடம் அனுப்பிவிடும். மெயின் சுவிட்சை அணைத்தேன் என்ற இருட்டு நேர நினைவை நம்ப முடியாது. தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு சேஞ்சோவர் சுவிட்ச் பூட்டுங்கள். அதுவரை பிரிட்ஜையும் இரண்டு பல்பையும் நல்ல தடித்த நீட்டு வயரில் நேராக மெஷினில் செருகினால் போதும்.